காதுமூடி அலுவலர்

புத்தூர்ப் பக்கத்து உழவர் வீடொன்றின் முதல் பட்டதாரி அருள்குமார். திருப்பதியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, டென்மார்க் பணத்தில் நடக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் கள அலுவலர் ஆனான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ரேஷன் கடையில்கூடக் கழற்ற மாட்டான்.

நகரி விசைத்தறி இரைச்சலில் நெசவாளர் காது கெடுகிறது; ஆகவே ஆளுக்கொரு காதுமூடி. இதுதான் திட்டம். இருநூற்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காதுமூடி கொடுத்தாயிற்று. ஒரு வருடம் கழித்து மார்த்தா என்ற டென்மார்க் அம்மையார் சோதிக்க வருகிறார். பத்தில் எட்டுப் பேராவது மாட்டியிருந்தால்தான் திட்டமும் அவன் வேலையும் நீளும்.

முந்தின நாள் சுற்றிப் பார்த்தான். ஒரு காதிலும் இல்லை.

"அக்கா, நாளைக்கு ஒரு மணி நேரம் மாட்டிக்கோங்க" என்று தனபாக்கியத்திடம் கெஞ்சினான். தனியாளாய் நாலு தறி ஓட்டுகிறவள் அவள்.

"எந்தத் தறியில நூல் அறுந்துச்சுன்னு கண்ணாலயா பாத்துக்கினு இருக்கேன்? சத்தம் மாறும், திரும்புவேன். காதை மூடிக்கினா தறி கூப்புடறது எப்படிக் கேக்கும்?"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீ எங்க கேட்ட? கையெழுத்து போடுன்ன, போட்டேன்."

ஆனாலும் மறுநாள் அவனுக்காக மாட்டிக்கொண்டாள். மார்த்தா படமெடுக்க, இவள் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் மூன்றாம் தறியில் பாவு நூல் கொத்தாக அறுந்தது. முதலில் கவனித்தவர் மார்த்தாதான். ஒரு முழம் துணி பாழ். தனபாக்கியம் காதுமூடியைக் கழற்றி அருள்குமார் தலையில் மாட்டினாள்.

"நீயே வெச்சுக்க. நான் இப்ப பேசப்போறது உன் காதுல விழ வேணாம்."

அவள் பேசியதில் பாதியைத்தான் மொழிபெயர்த்தான்.

மற்ற காதுமூடிகள் எங்கே என்றார் மார்த்தா. தனபாக்கியம் தெருவைக் காட்டினாள். அடுத்த வீட்டில் நர்சிங் படிக்கும் பெண் மாட்டிக்கொண்டு படித்தாள். எதிர்வீட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர் மாட்டிக்கொண்டு தூங்கினார். கோடி வீட்டுத் தாட்சாயணி மாட்டிக்கொண்டு கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பக்கம் தறியே கிடையாது.

"எங்க வூட்டுக்காரர் பேசிக்கினே இருப்பாரு" என்றாள்.

மார்த்தா சிரித்துவிட்டு, தனபாக்கியத்திடம் என்ன செய்தால் மாட்டுவீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

"நூல் அறுந்தா லைட் எரியணும். அப்ப மூடிக்கறேன்."

திட்டம் ஆறு மாதம் நீண்டது, விளக்குக்காக. அறிக்கையில் 'கற்ற பாடம்' என்ற கட்டத்தில் அருள்குமார் எழுதினான்: கையெழுத்துக்கு முன்னால் கேள்வி.

அடுத்த வாரமே நோட்டுடன் போய் நின்றான். "அக்கா, லைட்டு எந்தப் பக்கம் வெக்கலாம்?"

"சொல்றேன். மொதல்ல அந்தக் கழுத்து அட்டையைக் கழட்டு. அது தறி பெல்ட்டுல சிக்கிக்கினா லைட் எரியறதுக்கு முன்ன நீ போயிடுவ."

கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.