சாயந்தான், போ என்றேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

ஆம்பூர் டேனரியில் நானும் என் சகலையும் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டிரம்மில் வேலை செய்தோம். அங்கே யாருக்காவது ஒண்ணுக்குச் சிவப்பாகப் போனால், "சாயம் எறங்குதுப்பா" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். எனக்குப் போனது ரத்தம். தெரிந்தபோது புற்று முற்றிவிட்டது. மூத்திரப்பையையே எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் சகலை வந்தான். "அண்ணாத்த, எனக்கும் செவப்பா போவுது. இன்னா செய்யலாம்?"

பை இல்லாத வயிற்றில் வேட்டியை இறுக்கிக் கட்டி நிமிர்ந்து நின்றான். என் வயிறு எரிந்தது. "சாயந்தான், போ" என்றேன்.

மூணாம் நாள் கிருத்திகை. கற்பூரம் ஏற்றினேன், கும்பிடக் கை வரவில்லை. அப்படியே போய் அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டப்பாவில் மூத்திரம் வாங்கி, அதில் டிஎன்ஏ சோதனை செய்து, புற்று இருக்கலாம் என்றார்கள். மூத்திரப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் மிளகளவு கட்டி. அதை மட்டும் எடுத்தார்கள்.

"அண்ணாத்ததான் காப்பாத்துனாரு" என்று எல்லாரிடமும் சொல்கிறான். நான் தெரியாமல் சாயம் என்றேனாம். அவன் பாட்டுக்கு வேலியோரம் ஒதுங்கிவிட்டு வருவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

டிரம்மில் வேலை செய்கிறவர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுங்கள். என்னை நல்லவனாக்க அந்த மூணு நாளை எடுத்துவிடாமல் கொடுங்கள்.