விளம்பரத்தில் மூக்கு, கதையில் பக்கம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிட என்னால் முடியும். டிவிக்கு நேரெதிரே நாற்காலியில் சுசீலா அக்கா. எங்களுக்கு ஷூ தைக்க வேலை கொடுக்கிற ஏஜென்ட்டின் மனைவி, அது அவர்கள் வீடு. சுவரோரம் காலை மடக்கிக்கொண்டு என் அம்மா. அம்மாவை ஒட்டி எஸ்தர் என்கிற நான், ஏழாவது முடித்தவள். எனக்கு மறுபக்கம் பக்கத்துத் தெரு பர்வீன், என்னைவிடப் பெரியவள். வாசல்படியில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றபடி, எங்கள் பள்ளிக்கூடத்து நிர்மலா டீச்சர். நடுவில் குவியலாகப் புதுத் தோல். அந்தத் தோலின் நாற்றமும், ஒட்டுகிற "சொல்யூஷன்" நாற்றமும் சேர்ந்து மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் ஷூ கடைக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் ஒரு டிவி தொடரின் ஆரம்பப் பாட்டுதான் காதில் கேட்கிறது.

இதை எழுத வைத்தது கோபம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புகிற பையன், கீழேயிருந்து "தெரியுது, தெரியுது, அப்படியே வுடு" என்று கத்துகிற குரல், நிகழ்ச்சி தொடங்குமுன் வருகிற வண்ணப் பட்டைகள், வெள்ளிக்கிழமை ராத்திரி சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ராஜா ராணிக் கதை. அதற்குக் கீழே எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். கவலையே இல்லாத காலம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கவலையே இல்லாத காலமாம்! யாருக்கு? "உனக்குப் புடிச்ச சீரியல் எதும்மா?" என்று மகள் கேட்டாள். "அந்தப் போன கீழ வைடி" என்று கத்திவிட்டேன். குழந்தை பயந்துபோய் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாறு என்று பெயர் மட்டும் இருக்கிற மணலை ஒட்டி எங்கள் தெரு. ஆண்கள் "தோல் ஷாப்பு"க்குப் போவார்கள், அதாவது தோல் பதனிடுகிற இடத்துக்கு. என் அப்பாவும் அங்கேதான். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் கால்விரல்களுக்கு நடுவே எப்போதும் வெந்துபோயிருக்கும். பெண்கள் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைப்பார்கள். அதற்கு "அப்பர்" என்று பெயர். கம்பெனியிலிருந்து வெட்டிய துண்டுகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார். தைத்ததை எடுத்துக்கொண்டு போவார். எந்த ஊர்க் காலுக்குப் போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஏஜென்ட் வீட்டில் கலர் டிவி வந்தது. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் டிவி இல்லை என்று இல்லை. புள்ளி புள்ளியாகத் தெரிகிற கறுப்புவெள்ளைப் பெட்டிகள் ஒன்றிரண்டு இருந்தன. ஆனால் ராணியின் புடவை சிவப்பா பச்சையா என்று தெரிவது வேறு விஷயம் இல்லையா? தெருப் பிள்ளைகள் எல்லாரும் அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் வௌவால் மாதிரி தொங்கினோம். ஒரு நாள் சுசீலா அக்கா வெளியே வந்து பார்த்தாள். "இன்னா இப்படி மூச்சுக் காத்த அடைச்சிகினு நிக்கிறீங்க? ஊசி புடிக்கத் தெரிஞ்சவ உள்ள வா, தெரியாதவ அங்கியே நில்லு" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். நாங்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஊசி இருந்தால் பாய், மின்விசிறி, டிவி. ஊசி இல்லையென்றால் ஜன்னல். மழை வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்கள். வீட்டில் என்றால் நடுவில் எழுந்து உலை வைப்பார்கள், பிள்ளைக்குத் தலை வாருவார்கள். இங்கே யார் எழுந்திருப்பது? கதை போய்விடுமே. ஒரு பெட்டியை வாங்கி வைத்துத் தெருவையே உட்கார வைத்தார்கள் என்பது எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

அங்கே வேலை செய்கிற விதமே டிவியைப் பார்த்து அமைந்தது. ஷூவின் பக்கவாட்டைத் தைப்பது சுலபம், ஓட்டை பார்த்துக் குத்தி இழுத்தால் போதும், கண் வேண்டியதில்லை. முன்நுனியைத்தான் "மூக்கு" என்போம். அங்கே தோலைச் சுருக்கிச் சுருக்கித் தைக்க வேண்டும். சுருக்கங்கள் ஒன்றுபோல் விழவேண்டும். எண்ணிக்கை தவறினால் பிரிக்க வேண்டும். பிரித்தால் தோலில் ஓட்டை நின்றுவிடும், அந்த ஜோடி "ரிஜெக்ட்". ஆகவே கதை ஓடும்போது எல்லாரும் பக்கம் தைப்போம், விளம்பரம் வந்ததும் தலையைக் குனிந்து மூக்குத் தைப்போம். "விளம்பரத்துல மூக்கு, கதையில பக்கம்" என்று சுசீலா அக்கா பாட்டாகவே பாடுவாள். அதற்கும் மேலே, எந்த சீன் ஓடும்போது தைத்தது என்று தையலைப் பார்த்தே அவள் கண்டுபிடிப்பாள். நூல் இறுகியிருந்தால், "இது மாமியார்க்காரி அழுவுற சீன்ல தச்சது." தளர்ந்திருந்தால், "இது கல்யாண சீன். யாருடி, பர்வீன் நீயா? மாப்பிள்ளயப் பாத்து வாயப் பொளந்துட்டியா?" பர்வீனும் சும்மா இருக்கமாட்டாள். "அவன் மூஞ்சிக்கு நான் இன்னாத்துக்கு வாயப் பொளக்கறேன் அக்கா, கொட்டாவி வந்துச்சி" என்பாள். அறையே சிரிக்கும். சிரிப்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

எனக்குச் சிறுவயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். ஆன்டெனாமேல் காக்காய் உட்கார்ந்தால் பயம், ஊசி முறிந்து கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம், கரண்ட் போனால் கதை போய்விடுமே என்று மற்றவர்கள் கவலைப்படும்போது, இருட்டில் என் மூக்கு கோணிவிடுமே, நாளைக்கு வராதே என்று அக்கா சொல்லிவிடுவாளே என்று பயம். அந்தக் கோடை விடுமுறையில் எல்லாப் பயத்தையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது என்னை அனுப்புவார்களா? "லீவுக்கு மட்டும்தான்டி" என்றுதான் அம்மா கையில் ஊசியைக் கொடுத்தாள். எட்டாவதிலிருந்து எங்கள் பள்ளியில் தாவணி. வேலூர் லாங் பஜாரில் நீலத் தாவணித் துணியும் எடுத்துவந்து வைத்திருந்தாள். அந்தத் துணி டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். துணி இருந்தால் பள்ளிக்கூடம் உண்டு என்று எனக்கு ஒரு கணக்கு.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. "இந்த ஷிப்மெண்ட் போய்டட்டும்" என்றாள் சுசீலா அக்கா. அம்மாவைவிட வயதில் சின்னவள், ஆனாலும் வேலை கொடுக்கிறவள் என்பதால் அம்மாவுக்கும் அவள் அக்காதான். அம்மா தலையாட்டினாள். ஒரு ஷிப்மெண்ட் போய் இன்னொன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தோம். ஞாயிறு காலை எங்கள் சர்ச் மணி அடிப்பது கேட்கும். அம்மாவின் கை ஒரு நொடி நிற்கும், பிறகு ஓடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆராதனை முடிந்த கையோடு நிர்மலா டீச்சர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். டிவியில் இளவரசனுக்குச் சிற்றன்னை பாலில் விஷம் கலந்து கொடுக்கிறாள்.

"எஸ்தரம்மா, ரெண்டு வாரமா புள்ள ஸ்கூலுக்கு வரல, நீங்களும் கோயிலுக்கு வரல. இன்னா ஆச்சி?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சுசீலா அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீச்சர், கோச்சிக்காதீங்க, செத்த நில்லுங்க. குடிக்கப் போறான். இதோ விளம்பரம் வந்துரும், பேசலாம்" என்றாள்.

டீச்சர் நின்றார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஆசிரியை, வெயிலில் நடந்துவந்தவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டிவி இளவரசன் பால் குடிப்பானா மாட்டானா என்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பர்வீன்தான் என் காதருகே, "டீச்சருக்கும் ஒரு ஊசி குடுடி, உள்ள வந்து உக்காரட்டும்" என்று கிசுகிசுத்தாள். டீச்சர் காதிலும் அது விழுந்திருக்கும்.

இளவரசன் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனான். விளம்பரம் வந்தது.

விளம்பரம் வந்தது, எல்லாத் தலைகளும் குனிந்துவிட்டன. மூக்கு. அம்மாவின் உதடு சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தது. டீச்சர் அம்மாவின் உச்சந்தலையைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. "நல்லாப் படிக்கிற புள்ளம்மா. எட்டாவது மட்டுமாவது முடிக்கட்டும். எட்டாவது பாஸ்னு சர்டிபிகேட்டுல இருந்தா நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு மரியாத. இப்ப நிறுத்தினா திரும்ப வர மாட்டா. நான் பாத்திருக்கேன்."

"ம்" என்றாள் அம்மா. சம்மதத்துக்கா எண்ணிக்கைக்கா என்று தெரியாத "ம்".

சுசீலா அக்காதான் பதில் சொன்னாள். "படிச்சி இன்னா டீச்சர் பண்ணப் போறா? கை நல்லா வந்துடுச்சி இவளுக்கு. வெயில்ல நிக்கிறாளா, மண்ணு தூக்குறாளா? ஃபேன் காத்துல உக்காந்து டிவி பாத்துகினு வேல. உங்க ஸ்கூல்ல ஃபேன் இருக்குதா?" திரையில் ஒரு சிறுமி சத்துமாவு குடித்துவிட்டு, ரெட்டைச் சடையும் சீருடையுமாகக் குதித்துக் குதித்து முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் திரையிலிருந்த அந்தச் சிறுமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எஸ்தர், நீ சொல்லும்மா. வர்றியா?"

என் வாயில் நூல் இருந்தது. மெழுகு தடவிய நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்துப் பிடித்தால்தான் மூக்கில் சுருக்கம் நிற்கும். விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். நான் கடைசிச் சுருக்கத்தை இழுத்து, முடிச்சுப் போட்டு, நூலை வாயிலிருந்து எடுத்தேன். அதற்குள் பாட்டுச் சத்தம். கதை தொடங்கிவிட்டது. "உஸ்ஸ்" என்றாள் சுசீலா அக்கா. பால் கிண்ணத்தை யாரோ தட்டிவிட்டார்கள். அறை முழுக்க "அப்பாடா" என்று மூச்சு விட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது வாசல்படியில் டீச்சர் இல்லை.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அறையில் கேள்வி கேட்பதற்கு நேரமே கிடையாது என்பதைக் கண்டுகொண்டார். கதையில் பேசக்கூடாது, விளம்பரத்தில் பேச முடியாது. அம்மா மேல்? அம்மா இறந்துவிட்டாள். நீலத் தாவணித் துணி தலையணை உறையாயிற்று, அதை அவள்தான் தைத்தாள், தைக்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. பெரியவளாகி ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். தையலில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை என்று மேஸ்திரியே சொல்வார். ஆனால் தைத்ததைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற "செக்கிங்" வேலைக்கு ஆள் எடுத்தபோதெல்லாம், "எட்டாவது பாஸா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நான் பழக்கிவிட்ட பெண்கள் எனக்குமேல் செக்கிங்குக்குப் போய், என் ஜோடியை எடுத்துப் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டே "சரியா இருக்குதுக்கா" என்பார்கள்.

இப்போது எங்கள் தெருவில் ஆன்டெனா எதுவும் இல்லை. அந்தத் தொடர்களை யாரும் போடுவதில்லை, பெட்டிகளைக் காயலான் கடைக்காரன் எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வீடு மூட்டை போடுகிற ஏஜென்ட்டுகளும் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. காலையில் கம்பெனி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகிறது. ஜன்னலில் தொங்குவதற்குப் பிள்ளைகளும் இல்லை, அவரவர் கையில் அவரவர் திரை. இதில் எதற்கும் நான் அழப்போவதில்லை. ஆனால் என் மகள் சோற்றுத் தட்டோடு டிவி முன் உட்கார்ந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஹோம்ஒர்க் முடித்துவிட்டாயா, நோட்டை எடு, நாளைக்கு என்ன பாடம் என்று நச்சரிக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வாசல்வரை போய், அவள் உள்ளே நுழைந்து வகுப்புக் கதவு சாத்தும்வரை நிற்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

வீடியோ பார்த்த மறுநாள் சுசீலா அக்கா வீட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இப்போது மாடி வீடு. ஏஜென்ட் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில். முட்டிவலியோடு அவள் மட்டும், சுவரை அடைத்துக்கொண்டு இருக்கிற ஒரு டிவிக்கு முன்னால். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எஸ்தரு! வாடி, உள்ள வந்து உக்காரு. எவ்ளோ நாளாச்சி. அப்பல்லாம் இந்த வூடு எப்படிடி கலகலன்னு இருக்கும்! உங்க எல்லாரையும் சும்மா உக்கார வெச்சி எத்தினி வருசம் டிவி காட்டியிருக்கேன். ஒரு பைசா கேட்டிருப்பேனா?"

படியில் கால் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

"சும்மா காட்டலக்கா" என்றேன். "நீ எனக்கு பாக்கி வெச்சிருக்க."

"இன்னாடி பாக்கி? கூலியெல்லாம் அப்பவே உங்கம்மா கையில குடுத்தாச்சே! ஒரு ஜோடி விடாம கணக்குப் பாத்துக் குடுத்தாரே அவரு!"

"கூலி இல்லக்கா. எட்டாவது. ஒன்பதாவது. பத்தாவது."