பதினான்காம் தொட்டியின் எடை

அவளுடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வாய் சும்மா இருக்காது. "வீட்ல என்ன வேலை பாக்கறாங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "எல்லாரும் செடிக்குத் தண்ணி ஊத்திச் சம்பளம் வாங்குவாங்க. இவ ஊத்தாம இருந்து சம்பளம் வாங்கறா" என்பார்.

கேலிதான், ஆனால் பொய்யில்லை. பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக்கூடத்தில் பதினோரு வருடமாக அவள் தொட்டிகளை எடை போடுகிறாள். காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் தராசக்கா. அதற்கு முன் ஒரு பேக்கரியில் மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்குப் பத்துக் கிராம் குறைத்துப் போடு என்று முதலாளி சொன்ன அன்றே மேலங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு பேச்சும் பேசியதில்லை.

தலைமை ஆய்வாளர் அவளைவிடச் சின்னவர். வறட்சியில் காயாமல் நிற்கும் ஒரு காட்டுப்புல்லின் மரபணுவை நெல்லுக்குள் வைப்பதற்காக ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவர். இந்த வருடம்தான் கடைசிச் சோதனை. நாற்பது தொட்டிகள். இருபதில் மரபணு மாற்றிய நெல், இருபதில் சாதாரண நெல், எல்லாம் கலந்து வைத்தவை. தொட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். எது எந்த நெல் என்ற பட்டியல் ஆய்வாளரின் மேசை இழுப்பறையில்; எடை போடுகிறவளுக்கு அது தெரியக்கூடாது. பதினைந்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் தராசக்கா ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கித் தராசில் வைத்து, எடையைப் பதிவேட்டில் எழுதுவாள். மண் காயக் காய எடை இறங்கும். ஏறவே ஏறாது.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, பதினான்காம் தொட்டி ஏறியிருந்தது. ஞாயிறு விடுமுறை முடிந்து மற்ற தொட்டிகளெல்லாம் ஆளுக்கு நூறு நூற்றைம்பது கிராம் இளைத்திருக்க, இது மட்டும் இருநூறு கிராம் கூடியிருந்தது. தராசைத் துடைத்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள், ஈரம். பேனாவை எடுத்து எழுதினாள்: "எண் 14. எடை கூடியிருக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்."

ஆய்வாளர் வந்து அந்த வரியைப் படித்தார். முகம் செத்துப்போனது.

"நான்தான்க்கா. நேத்து சும்மா பாக்க வந்தேன். தலை தொங்கிப்போய் நின்னுச்சு. ஆறு வருஷம் வளத்த புள்ள மாதிரி... மனசு கேக்கல."

"அப்ப அது உங்க நெல்லுன்னு ஆகிப்போச்சு. இத நான் தெரிஞ்சுக்கவே கூடாது சார்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த வரிய அடிச்சிடலாமாக்கா? ஒரே ஒரு தொட்டி" என்றார்.

தராசக்காவின் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுவது இந்த மனிதர்தான். அந்தத் தாள் அடுத்த மாதம் வரவேண்டும். பேக்கரியும் அந்த ஏழு மாதமும் கண்முன் வந்து போயின.

"பேனா இந்தாங்க, நீங்களே அடிங்க. நான் அடிக்க மாட்டேன் சார்."

பேனா அவர் கையில் வெகுநேரம் இருந்தது. கடைசியில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, "ஊற்றியது நான். இந்தத் தொட்டி சோதனையில் சேராது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினாறாம் நாள் எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாரத்தில், பிழைத்ததும் செத்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அப்போது வெளியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. குழுத்தலைவி கறாரான அம்மாள், சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் கண் நேரே பதினான்கில் போய் நின்றது. கொழுகொழுவென்று பச்சைப்பசேலென்று நின்றது அது.

"இது ஒண்ணே போதுமே உங்க ஆராய்ச்சிக்கு!"

தராசக்கா ஆய்வாளரைப் பார்த்தாள். சரி என்று அவர் தலையை அசைத்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

"அத விட்டுடுங்க மேடம்" என்றார் ஆய்வாளர். "அது திருட்டுத்தண்ணி குடிச்சது. குடுத்தது நான்."

பதிவேடு வந்தது. பட்டியலும் இழுப்பறையை விட்டு வெளியே வந்தது. சாதாரண நெல் இருபதில் எழுந்தது இரண்டு. மாற்றிய நெல், பதினான்கைக் கழித்து, பத்தொன்பதில் பதினாறு. குழுத்தலைவி அந்த எண்களைச் சட்டை செய்யவேயில்லை. பதினோராம் நாள் பக்கத்திலேயே விரலை வைத்திருந்தார்.

"இது யார் கையெழுத்து?"

"பக்கத்துல இருக்கறது என்னுது. முதல் வரி எங்க தராசக்கா எழுதினது."

அந்த அம்மாள் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஒரு வரி இல்லேன்னா, மத்த பக்கத்தையெல்லாம் நான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்று சொல்லிப் பதிவேட்டை மூடி, அதை ஆய்வாளரிடம் தராமல் தராசக்காவின் கையில் கொடுத்தார். தராசக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அன்று தொட்டிகளை எண்ணி அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார் மெக்கானிக். அந்த நேரம் பார்த்து, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் சாவி வாங்க வந்தார். வந்தவர் சும்மா போகாமல், "வீட்ல என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்த மெக்கானிக், மூடிக்கொண்டு, மறுபடி திறந்தார்.

"எடை போடறா" என்றார். "அவ எழுதினா எழுதினதுதான்."