லா பாஸ் மேஜையில் அவளுக்குப் பிடித்தது

என் மனைவி மறைந்த எட்டாம் மாதம், தில்லியிலிருந்து பொலிவியாவுக்குப் போனேன். அந்நாட்டுக்காரரை மணந்த என் மகள் லா பாஸ் நகரில் வசிக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்கள் ஒரு நண்பகலில் வீட்டுக்கு வந்து, மறுநாள் நண்பகலில் விடைபெறுவார்கள் என்பது அங்குள்ள நம்பிக்கை. மேஜையில் துணி விரித்து, படம் வைத்து, மனித முகம் பதித்த ரொட்டிகளை அடுக்கி, அவரவர் விரும்பி உண்டதைப் படைக்கிறார்கள். தன் கணவருக்காக மேஜை வைத்த சம்பந்தியம்மாள், கேட்காமலே என் மனைவியின் படத்தையும் அதில் வைத்தார். பிறகு ஸ்பானிய மொழியில் என்னிடம் ஏதோ கேட்டார்.

"அம்மாக்கு என்ன பிடிக்கும்னு கேக்கறாப்பா," என்றாள் மகள். "நாளைக்குக் கார்த்தால சந்தையில வாங்கணுமாம்."

எங்கள் சிராத்தத்தில் இக்கேள்வி எழுவதில்லை. இன்ன காய், இன்ன பட்சணம் என்று விதி இருக்கிறது. பழக்கத்தில், "வாழைக்காய்" என்றேன்.

"அது சாஸ்திரிகளோட லிஸ்ட். அம்மாக்கு?"

"மோர்க்குழம்பு."

"அது உனக்கு."

"சேவை?"

"அதுவும் உனக்குத்தான்."

நாற்பத்தொரு ஆண்டுகள் எனக்குப் பரிமாறிய பின்பே உண்டவள். அவள் தட்டை நான் பார்த்ததில்லை. மகளுக்கு விடை தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. சம்பந்தியம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியலேன்னா ரொட்டி போறுமாம். வர்றவா கோச்சுக்க மாட்டாளாம்."

அந்தப் பரிவுதான் அன்று எனக்குக் கடினமாக இருந்தது.

மறுநாள் காலைச் சந்தையில், உருளைக்கிழங்குக் குவியல்களுக்கு அப்பால் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கண்டு நின்றேன். தில்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், குளிர்கால மாலைகளில் ஒருவர் கரியில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவி விற்பார். அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒருநாள், அவள் அங்கே நின்று உண்பதைப் பார்த்தேன். "நடுத்தெருவுல நின்னுண்டு என்ன சாப்பாடு?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அதன்பின் அவளை அங்கே கண்டதில்லை.

கிழங்கைக் காட்டி இதை மகளிடம் சொன்னேன்.

"அம்மா நிறுத்தினான்னு நெனச்சியா?" என்றாள். "நீ வரதுக்குள்ள முடிச்சுடுவோம். 'ஜல்தி, ஜல்தி, அப்பா வந்துடுவா'ன்னு என்னை விரட்டுவா." சிரிக்கத் தொடங்கியவள், முடிக்கவில்லை.

சம்பந்தியம்மாள் நான்கு கிழங்குகளைச் சுட்டு, நான் சொன்னபடி எலுமிச்சை பிழிந்து, நண்பகலுக்குள் படத்தின் முன் வைத்தார்.

மறுநாள் நண்பகலில் மேஜையைக் கலைத்து, எல்லாவற்றையும் அங்குள்ள வழக்கப்படி பகிர்ந்துண்ணக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனோம். அதன் வாசல் தெருவில் கூட்டம் நின்றபடியே உண்டுகொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் ஒரு துண்டுக் கிழங்கை என்னிடம் நீட்டினார். உட்கார இடம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. தெருவில் நின்றபடியே, முழுவதையும் சாப்பிட்டேன்.