உம்மா கேட்ட கேள்வி

கற்பிட்டியில் தனியாக இருக்கும் உம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். "தெரியாத நம்பரால யாராவது என்ட பேரைச் சொல்லி கோல் எடுத்தா, எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒன்டைக் கேளுங்க."

போன மாதம் உம்மாவைக் கிளினிக்குக்குப் பதிய சிலாபம் போனேன். என் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் நின்றவரின் போனில் உம்மாவுக்குக் கோல் எடுத்து, உம்மாவின் அடையாள அட்டை நம்பரைக் கேட்டேன்.

"மகளெண்டா சொல்லுங்க. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்டு அழுதா வாப்பா என்ன செய்வார்?"

"பேக்கரில பணிஸ் வாங்கித் தருவார்."

உம்மா போனைப் பட்டென்று வைத்துவிட்டா.

வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். உம்மா சிரித்தா. "பணிஸ் எல்லா வாப்பாமாரும் வாங்கித் தருவாங்க. உங்கட வாப்பா தோளில தூக்கிட்டுப் போய், தோணியெல்லாம் காட்டித்தானே ஸ்கூல்ல விடுவார்."

வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். அந்தத் தோளை எப்போது மறந்தேன் என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.