ஒரே ஓணானுக்கு இரண்டு பெயர்

நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் ஊரில் ஓணானை ஓணான் என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதன் லத்தீன் பெயருக்காக முனைவர் பட்டம் வரை போய் மல்லுக்கட்டியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். "ஏட்டி, வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு" என்று அம்மா தினமும் பாடுவாள்.

மம்சாபுரம் பக்கத்துக் குன்றுகளில் வாழும் பாறை ஓணான்தான் என் ஆராய்ச்சி. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு சிவந்து விலா கறுத்துவிடும். அதே பாறைகளில் முதுகு மஞ்சளும் விலா ஆரஞ்சுமாகச் சிலவற்றையும் படம் எடுத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் கைடு அந்தப் படங்களை நிபுணர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சிவப்புக்கு ஒருவர் ஒரு பெயர் சொன்னார். மஞ்சளுக்கு இன்னொருவர் வேறு பெயர் சொன்னார். மஞ்சள் புது இனமாகக்கூட இருக்கலாம் என்று மூன்றாமவர் கொளுத்திப் போட்டார். கைடுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே ஓணான்! பெண்ணைத் தேடும்போது சிவப்பு, இன்னொரு ஆண் சண்டைக்கு வந்தால் மஞ்சள். கண்ணால் பார்த்திருக்கிறேன். நொடியில் நடந்து முடிவதை வீடியோவில்தான் பிடிக்க முடியவில்லை. இரண்டு இனம் என்று முடிவானால், இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் கணக்கெடுத்த மூன்று வருட உழைப்பும் குப்பைக்குப் போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் சிரித்தார். "ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சியாம்மா? நீ பார்த்ததுக்கு நீயே சாட்சின்னா எப்படி?"

சுருக்கென்றது. "அப்ப வாங்க சார், பாறைக்கே போவோம். நீங்களே சாட்சியா இருங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாள் காலையிலேயே பேராசிரியரும் கைடும் வந்துவிட்டார்கள். முன்னால் ஸ்கூட்டரில் நான், பின்னால் காரில் அவர்கள் இருவரும். பாறை உச்சியில் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தான் நம்மாள். சண்டைக்கு வரத்தான் ஒருத்தனும் இல்லை. காத்திருந்தோம். வெயில் ஏறியது. பேராசிரியர் எழுந்து பேண்டைத் தட்டிவிட்டு, "கிளம்புவோமாம்மா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டிக்கு ஓர் ஆணை எங்கே போய்ப் பிடிப்பேன்?

அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிப்போய் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினேன். மெதுவாகத் தவழ்ந்து போய், ஓணானுக்கு எதிரே அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்வாங்கினேன்.

"ஏம்மா, அதுக்கு மேக்கப்பா போடப் போறே?" என்றார் கைடு.

"செத்த நேரம் சும்மா இருங்க சார்!" அதட்டியே விட்டேன்.

ஓணான் தலையைச் சாய்த்துப் பார்த்தான். எதிரே ஒருத்தன். முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுத்தான். அடப்பாவி, எதிரே இருந்தவனும் எடுத்தான்! விடுவானா நம்மாள்? முதுகின் சிவப்பு வடிந்து மஞ்சள் ஏறியது. கறுத்த விலா ஆரஞ்சானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஓணான் மஞ்சள் ஓணானாகிவிட்டான்.

"எம்மாடி... ஒண்ணேதான்" என்று கைடு முனகினார். குன்றே அதிர ஒரு கத்துக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. ஓணான் ஓடிவிடுமே என்று துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். அம்புட்டு சந்தோஷம்!

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "ஒரே இனம்னே எழுதும்மா. நான் பார்த்தேன்னு எங்கே வேணும்னாலும் சொல்லுதேன்." பிறகு பாறையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடியை எடுத்துட்டு, பழையபடி செவக்குதான்னு பார்ப்போம். பொறவு இன்னொரு தடவை வை" என்றார்.

கைடு ஏதோ சொல்ல முன்னால் வந்தார்.

"யோவ், தள்ளும்யா. மறைக்குது!" என்றார் பேராசிரியர்.