டிரைவருக்கு இன்று லீவு

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் நடந்தது இது. என் கணவர் வளைகுடா நகரம் ஒன்றில் ஒரு பணக்கார வீட்டில் டிரைவர். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து முதல்முறையாக என்னை விசிட் விசாவில் அழைத்திருந்தார். தேவிபட்டினத்தை விட்டால் ராமநாதபுரம், மிஞ்சினால் மதுரை என்று இருந்தவள் நான். எதைப் பார்க்க ஆசை என்று கேட்டார். அவர் போனில் அடிக்கடி சொல்லும் அந்தப் பெரிய மியூசியத்தைத்தான் சொன்னேன். முதலாளி குடும்பத்தை எத்தனையோ முறை அங்கே இறக்கிவிட்டிருக்கிறார்.

நண்பரிடம் இரவல் வாங்கிய காரில் போனோம். பழக்கதோஷம், வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்து எனக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

"நீ போய் பாத்துட்டு வா. நான் வண்டிய அங்கன போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் தெரிந்தது, மனுஷன் ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப நானும் போகல. கார் பார்க்கிங்ல உக்காரவா கடல் தாண்டி வந்தேன்?"

முதலாளி வீட்டார் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முனகினார். "பாக்கட்டுமே" என்று இறங்காமல் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் வந்தார்.

உள்ளே உலகமே இருந்தது. எகிப்தின் கல் முகங்கள், ஆப்பிரிக்க மர முகமூடிகள், நம் பக்கத்து வெண்கல நடராஜர், தங்க மையில் எழுதிய குர்ஆன் ஏடுகள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் நீலப்பூ போட்ட சீனத்துப் பீங்கான். "ஏ புள்ள, நம்ம வீட்டுல விருந்துக்கு எடுக்குற பீங்கான் மாதிரியே இருக்குல்ல?" என்றார். அதுவரை சுவரோரமாகவே வந்தவர், பிறகு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அடுத்த கூடத்தில் முதலாளியம்மா எதிரே வந்தார், தூங்கி வழியும் மகனோடு. யாரைக் கூட்டி வந்தாய் என்று அரபியில் கேட்டாராம். பதிலுக்குக் காத்திராமல் கைப்பையை நீட்டி, பையனைத் தங்கள் காருக்குத் தூக்கிப் போகச் சொன்னாராம். என் கணவரின் கை தானாக நீண்டது. எனக்கு அரபி தெரியாது. ஆனால் அந்தப் பை எதற்கு நீள்கிறது என்றுமா தெரியாது? எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"இன்னைக்கு லீவுன்னு சொல்லுங்க."

"வேலைக்கு வேட்டு வச்சிராத புள்ள."

"போனாப் போகுது. ஊர்ல ஓட்டுறதுக்கு வண்டியா இல்ல? சொல்லுங்க."

அவர் என் கையை விடவில்லை. நிமிர்ந்து நின்று அரபியில் சொன்னார்: இன்று எனக்கு லீவு, இது என் மனைவி, நாங்கள் மியூசியம் பார்க்க வந்திருக்கிறோம். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் அப்படியே பார்த்தேன். பையைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு மகனுடன் போய்விட்டார். நாங்கள் மிச்சமிருந்த கூடங்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

விடுமுறை முடிந்து அவர் வேலைக்குப் போன அன்று, திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றது உண்மைதான். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பேன்.

இப்போது நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவர் இன்றும் அவர்களை அங்கே இறக்கிவிட்டு வண்டியில்தான் காத்திருக்கிறார். "இந்நேரம் நம்ம பீங்கான்கிட்ட நிப்பாக" என்று போனில் சிரிக்கிறார். காத்திருப்பது அவர் பார்க்கும் வேலை, பார்க்கட்டும். ஆனால் அந்த வாசலுக்கு வெளியேதான் அவருடைய இடம் என்று இனி யார் சொன்னாலும் நாங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.